நீலமாகக் கூடாத துண்டு

சுட்ட வெங்காயத்தாள் விருந்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரக் கூடாது. உங்கள் வீட்டிலும் இதைச் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். திராட்சைக் கொடித் தீயில் கருகிய தோலை உரிக்கும்போது கையெல்லாம் கரி. உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டைச் சிவப்புச் சாஸில் தோய்த்து, அண்ணாந்து, வாய்க்கு மேலே தொங்கவிட்டு இறக்கும்போது மோவாய், கழுத்து, முழங்கை எல்லாம் சிவப்பு. அதனால்தான் நரைத்த ஆட்கள்கூடப் பச்சைக்குழந்தை மாதிரிக் கழுத்தில் காகிதத் துண்டு கட்டிக்கொண்டு நிற்கிறோம். ஒலெகேர் மட்டும் கட்ட மாட்டான். வருஷா வருஷம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, ஒரு பொட்டு விழாமல் சாப்பிட்டுக் காட்டுவான். “பாத்தியா ரெமெய், எல்லாத்துக்கும் கை பழகணும்” என்பான். நீங்கள் முதலில் அந்தச் சட்டையைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். அன்றைக்குக் காலையில் அது வெள்ளையாகத்தான் இருந்தது.

என் பெயர், வயசு எல்லாம் ஏற்கெனவே எழுதிக்கொண்டுவிட்டீர்கள். பார்சலோனாவில் கடலைப் பார்த்த ஆராய்ச்சிக் கட்டடம் ஒன்றில் என் வாழ்க்கையின் பாதிக்கு மேல் கழிந்தது. ஒலெகேர் எங்கள் குழுவின் தலைவன், நான் அவனுக்கு அடுத்தவள். என்னைவிடப் பத்து வயசு மூத்தவன், ஆனால் ஆரம்பத்தில் இருந்தே எங்களுக்குள் நீ, வா, போதான். நான் அழவில்லையே என்று உங்களுக்கு உறுத்துகிறது. தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்குத் தாகம் இல்லை. என் வேலை என்னவென்று தெரியாமல் நான் செய்தது உங்களுக்குப் புரியாது, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எலிக்கருவின் கை ஆரம்பத்தில் கை மாதிரியே இருக்காது. ஒரு சின்னத் துடுப்பு, அவ்வளவுதான். துடுப்பின் நுனியில் மெல்லிய விளிம்பு ஒன்று ஓடும். அந்த விளிம்பில் உள்ள செல்கள், குட்டி பிறப்பதற்கு முன்பே கிழடாகிவிடும். முதுமை என்றால் நரை, மூட்டுவலி என்று நாம் நினைக்கிறோம். ஒரு செல்லுக்கு முதுமை என்றால் ஒன்றுதான்: இனி அது இரண்டாகப் பிரியாது. சாகவும் சாகாது. நிற்கும். நின்ற இடத்தில் இருந்து, கீழே இருக்கும் இளம் செல்களுக்குச் சேதி அனுப்பும். வளருங்கள், இந்தப் பக்கம் நகருங்கள், இங்கே விரல் வர வேண்டும். விரல் வந்ததும் வேறொரு சேதி அனுப்பி, விழுங்கும் செல்களைக் கூப்பிடும். அவை வந்து இந்தக் கிழட்டுச் செல்களைத் தின்றுவிட்டுப் போய்விடும். குட்டி பிறக்கும்போது அந்த விளிம்பு இருந்த சுவடே இருக்காது. விரல்தான் இருக்கும்.

கையில் மட்டும் இல்லை, காதுக்குள்ளே, சிறுநீரகத்தில் என்று கருவின் உடம்பு முழுக்க இந்த ஏற்பாடு இருக்கிறது. கோழிக்குஞ்சுக்கும் உண்டு. மனுஷக் குழந்தைக்கும் உண்டு. நீங்களும் நானும் இந்த விரல்களோடு உட்கார்ந்திருப்பது யாரோ சிலர் நேரத்தோடு நின்று, நேரத்தோடு ஒதுங்கியதால்தான். முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு மரியாதையான ஏற்பாடு என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளிம்பைக் கிழடாக்கும் மரபணுவை நீக்கிவிட்டும் பார்த்திருக்கிறோம். அந்தக் கருவில் செல்கள் கிழடாகாது. அப்படியென்றால் விரல் கெட்டுப்போக வேண்டும் இல்லையா? பெரிதாக ஒன்றும் கெடவில்லை. கொஞ்சம் கோணல், கொஞ்சம் தாமதம். குட்டி பிறந்து ஓடி விளையாடியது. ஏனென்றால் அந்தச் செல்கள் வேறு வழியில் போய்விட்டன. பட்டென்று செத்துவிட்டன. பதவிசாக வயதாகி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு ஒதுங்குவது ஒரு வழி. அது நடக்காவிட்டால் வெட்டிப் போடுவது இன்னொரு வழி. கருவுக்கு இரண்டும் ஒன்றுதான். இதை நான் சொல்லவில்லை, எலி சொல்கிறது.

நின்றுபோன செல்களைக் கண்ணால் பார்க்க ஒரு சாயம் இருக்கிறது. கருவை அதில் போட்டு வெதுவெதுப்பான பெட்டியில் ஓர் இரவு வைத்தால், காலையில் அந்தச் செல்கள் மட்டும் நீலமாக இருக்கும். விளிம்போடு ஒரு நீலக்கோடு ஓடும், பேனாவால் இழுத்த மாதிரி. ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடிய சாயம் இல்லை. கரைசலின் புளிப்பு ஒரு மட்டத்தில் நிற்க வேண்டும். புளிப்புக் கொஞ்சம் ஏறிப்போனால் கிழடு, இளசு என்று பார்க்காமல் எல்லாச் செல்லையும் நீலமாக்கிவிடும். அதனால் பக்கத்திலேயே ஒப்பீட்டுத் துண்டு என்று ஒன்றைப் போடுவோம். நீலமாகவே கூடாது என்று நமக்குத் தெரிந்த துண்டு. காலையில் அது வெளுப்பாக இருந்தால்தான் மற்றதை நம்பலாம்.

எங்கள் குழுவில் சாயத்தை நான்தான் கலப்பேன். வேறு யார் கையிலும் விட்டதில்லை. புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பேன்: ஒப்பீட்டுத் துண்டும் நீலமாகிவிட்டால் என்ன செய்வாய்? திருப்பிச் செய்வேன் என்பார்கள். பெட்டியின் சூட்டைச் சரிபார்ப்பேன் என்பார்கள். ஒருத்தன், படத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிவிடுவேன் என்றான். அன்றைக்கே மூட்டை கட்டச் சொல்லிவிட்டேன்.

கருவை எடுக்கத் தாயைக் கொல்ல வேண்டும். அதையும் நானே செய்வேன், இளசுகளுக்குக் கை நடுங்கும். வாலைப் பிடித்துக் கூண்டின் கம்பி மூடிமேல் விட்டால் எலி முன்னங்கால்களால் கம்பியைப் பற்றிக்கொண்டு முன்பக்கமாக இழுக்கும். கழுத்து நீளும். பிடரியில் ஒரு தண்டை அழுத்தி வாலை ஒரே இழுப்பு. கழுத்தெலும்பு கழன்றுகொள்ளும். காதுக்குக் கேட்காது, விரலுக்குத் தெரியும். வலி இல்லாத சாவு. சரியாகச் செய்தால்.

இனி ஒலெகேர். அவன் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். மூளைக்காரன், வாய் ஓயாத ஆள், யாரையும் சிரிக்க வைத்துவிடுவான். ஆனால் நின்றுவிட்டான். மேசைக்கு வந்து ஒரு கருவைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. காலையில் வருவான், தங்கை வீட்டுத் தக்காளியைக் கூடையோடு கொண்டுவந்து எல்லோருக்கும் ரொட்டியில் தேய்த்துக் கொடுப்பான், இளசுகளின் படங்களைப் பார்த்து “பேஷ், பேஷ்” என்பான், மாலையில் போவான். ஓய்வு வயசு வந்தது. வந்து தாண்டியும் போனது. நாற்காலி மட்டும் காலியாகவில்லை.

“எப்பதான் கிளம்பப் போறே?” என்று நேரடியாகவே கேட்டேன்.

“சான் ஜோர்தித் திருநாள் முடியட்டுமே தாயே. அன்னிக்கு உனக்கு ஒரு ரோஜாப்பூ குடுக்காமப் போனா, காலத்துக்கும் திட்டமாட்டே?”

சான் ஜோர்தி முடிந்தது. பூவும் கொடுத்தான். அப்புறம் சான் ஜோன் சொக்கப்பனை கொளுத்தி முடியட்டும் என்றான். அப்புறம் கஷ்கொட்டை சுட்டுத் தின்னும் காலம் போகட்டும் என்றான். நடுநடுவே மேல்மாடிக்கு, இயக்குநர் அறைக்குப் போய் வருவான். என்ன பேசினாய் என்றால் சிரித்து மழுப்புவான். நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத்தான் போகிறான் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

தலைவர் போனால் குழுவைக் கலைத்துவிடுவார்கள் என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. அது எனக்கும் தெரியும். ஆனால் என் விஷயத்தில் விதிவிலக்குக் கொடுத்துக் குழுவை என் கையில் கொடுப்பார்கள். அப்படி யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லைதான். சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அவன் ஒதுங்க வேண்டியதுதான் பாக்கி.

வளர்ந்த உடம்பில், நின்றுபோன செல் ஒதுங்காமல் தங்கிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? அது சேதி அனுப்புவதை மட்டும் நிறுத்தாது. கேட்க ஆள் இல்லாத சேதி சுற்றியுள்ள எல்லாவற்றையும் கெடுக்கும். வீங்கும், புண்ணாகும், கட்டி வரும். ஒலெகேரின் சிரிப்பு மேசைக்கு மேசை போவதை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். இளசுகள் என் அறைக்கு வராமல் அவன் அறைக்குப் போனார்கள். அதிலும் கெரால்த்.

கெரால்த் பெர்கா பக்கத்து மலைப் பெண். முப்பத்தொரு வயசு, வேலையில் கெட்டிக்காரி, சத்தமாகச் சிரிப்பாள். விருந்துக்கு முந்தின நாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளே சாயம் கலந்து கருக்களைப் போட்டுவிட்டாள். நான் கூப்பிட்டு விசாரித்தேன்.

“உங்களுக்கு வேலை ஜாஸ்தி ரெமெய், நானே பாத்துக்கிட்டேன்” என்றாள்.

“சாயம் இங்க யாரு கலக்கணும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். கோச்சுக்காதீங்க. ஒரு தடவ என் கையால கலந்து பாக்கணும்னு தோணுச்சு.” மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

விருந்து ஒலெகேரின் தங்கை தெக்லாவின் திராட்சைத் தோட்டத்தில், வால்ஸ் ஊருக்கு வெளியே. குளிர்காலத்து வெயில் நன்றாக அடித்தது. எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். தீயில் விறகு குறைந்துபோனதால் கொட்டகையில் இருந்து காய்ந்த கொடிக்கட்டு எடுத்துவர ஒலெகேர் கிளம்பினான். நானும் கூடப் போனேன். திட்டம் போட்டுப் போனேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. பேசத்தான் போனேன்.

கொட்டகைக்குள் வைத்து மறுபடி கேட்டேன். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, “என்னைத் தொரத்திட்டு நீ என்னடி பண்ணப் போறே?” என்றான்.

“உன் நாற்காலில உக்காருவேன்.”

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நோயாளியைப் பார்க்கிற பார்வை அது. “ரெமெய், இன்னும் கொஞ்ச வருஷம் பொறுத்துக்கோ. என்னை ஒண்ணும் கேக்காதே. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்” என்றான். பிறகு குனிந்தான்.

கட்டு அடியில் சிக்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பற்றி முன்பக்கமாக இழுத்தான். கழுத்து நீண்டது. வெள்ளைக் காலருக்கு மேலே, சவரம் செய்த பிடரி. அந்த நிலையை நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

சுவரோரம் கைக்கோடாரி சாய்ந்திருந்தது. கூர்ப்பக்கத்தால் அல்ல, பின்பக்கத்தால்தான் அடித்தேன். அதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். துன்புறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. கழுத்தெலும்பு கழல வேண்டும், அவ்வளவுதான். மனுஷக் கழுத்தின் கனத்தை நான் சரியாகக் கணக்குப் போடவில்லை. அவன் முழங்காலில் விழுந்தான், உயிர் போகவில்லை. திரும்பி, “ரெமெய்” என்று கூப்பிட்டான். தடுக்கி விழுந்தவன் கை கொடு என்று கேட்கிற குரல். கையைக்கூட என் பக்கம் நீட்டினான். எலி அப்படிச் செய்யாது. அடுத்த அடி தாடையில் விழுந்து, பற்கள் கொடிக்கட்டின்மேல் தெறித்தன. நீட்டிய கை என் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. விரல்களில் அடித்து விடுவித்தேன். அதற்கப்புறம்தான் கூர்ப்பக்கம். கழுத்தில் வெட்டிய இடத்தின் வழியாக மூச்சும் ரத்தமும் சேர்ந்து வந்தன, மூடி வைத்த சூப் கொதிக்கிற மாதிரி. குதிகால் கொஞ்ச நேரம் வைக்கோலை உதைத்துக்கொண்டிருந்தது. நான் நின்று பார்த்தேன். உயிர் போனதை உறுதி செய்யாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது, அது எங்கள் ஒழுங்கு. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். போய்விட்டது. சட்டையில் வெள்ளையே இல்லை.

அப்போது வாசலில் கெரால்த் வந்து நின்றாள். கையில் நீள மூக்கு வைத்த கண்ணாடி ஒயின் குடுவை. “ஒலெகேர், எங்க போய்த் தொலைஞ்சீங்க, உங்க பங்கையும் சேத்து அங்க முழுங்கிட்டு இருக்...” என்று பாதிச் சிரிப்போடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குடுவை விழுந்து உடைந்தது. நான் எதிர்பார்த்த மாதிரி அவள் ஓடவில்லை. நேராக உள்ளே வந்து அவன் பக்கத்தில் மண்டியிட்டு, தன் கழுத்துக் காகிதத் துண்டைப் பிய்த்து அவன் கழுத்தில் அழுத்தினாள். காகிதம் ஊறித் துண்டு துண்டாகிப் போனது. அவள் விடாமல் கையால் அழுத்தினாள்.

“ஐயோ ரெமெய். என்ன பண்ணிட்டீங்க. என்ன பண்ணிட்டீங்க.”

“நகரு. அவன் போயிட்டான்” என்றேன்.

“உங்களுக்காகத்தானே இருந்தாரு பாவி மனுஷன். அவரு போனா குழுவ மூடிடுவாங்க, உங்கள வெளிய அனுப்பிடுவாங்க. இந்த வயசுல உங்கள யாரு எடுப்பாங்கன்னு, மேல போய்ப் போய்க் கெஞ்சினாரு. நீங்க ரிட்டையர் ஆகிற வரைக்கும் என்னை இங்க விட்டு வைங்கன்னு. தெக்லாவோட இந்தத் தோட்டத்துல வந்து இருக்கத்தான் அவருக்கு ஆசை. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. உங்களுக்கு அவமானமா இருக்கும்னாரு.”

இதையெல்லாம் அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அவனைப் பார்த்துச் சொன்னாள், கழுத்தை அழுத்திக்கொண்டே. அவள் சொன்னது தப்பு. அல்லது சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. இளசுகளுக்கு எல்லாம் கதையாகத் தெரியும். ஆனால் அதை அவள் நிதானமாக, உண்மை மாதிரியே சொன்னாள். வெளியே போய் எல்லோரிடமும் அதே மாதிரி சொல்வாள். நான் கோடாரியைக் கீழே போடாமல் நின்றதை அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

விருந்து நடக்கும் பக்கத்து வாசலில் நான் நின்றதால் அவள் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குள் ஓடினாள். கிளை கழித்துவிட்ட கொடிகள் முட்டி உயரத்துக்குக் கட்டை கட்டையாக நிற்கும் காலம். மண் ஈரம். அவள் கத்தினாள். அந்த நேரத்தில் தீப்பக்கம் யாரோ இன்னொரு குடுவையை உயரத் தூக்கி வாய்க்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குடிக்கிறவன் நிறுத்துகிற வரைக்கும் மற்றவர்கள் சேர்ந்து கத்த வேண்டும், உங்களுக்குத் தெரியாததா? அவன் நல்ல மூச்சுக்காரன் போல. அந்தக் கத்தல் முடிவதற்குள் அவள் தடுக்கி விழுந்துவிட்டாள். எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். ஊன்றிய கையில் வெட்டினேன். பிறகு மல்லாந்து, வெட்டுப்பட்ட கையையும் நல்ல கையையும் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, “அம்மா இருக்காங்க ரெமெய், எங்கம்மாவுக்கு நான் ஒருத்திதான்” என்றாள். விரல்கள் வழியாகத்தான் வெட்ட வேண்டியிருந்தது. ஒலெகேருக்கு ஆனதைவிட இதற்கு நேரம் ஆனது. முடிந்தபோது யார் முகம் என்று சொல்ல முடியாமல் இருந்தது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன்.

கோடாரியைக் கொடி வரிசைக்குள் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். தோட்டத்துக் குழாயில் கை கழுவலாமா என்று யோசித்தேன். கழுவிய கையோடு நின்றால்தான் அந்தக் கூட்டத்தில் சந்தேகம் வரும். எல்லோருக்கும் முழங்கை வரை கரியும் சிவப்பும். என்னைப் பார்த்ததும் பெர்னாத், எங்கள் குழுவிலேயே வாய் நீளமானவன், “ரெமெய்யப் பாருங்கடா, சாஸ் சட்டிக்குள்ள விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்காங்க” என்றான். எல்லோரும் கையைத் தட்டினார்கள். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அவர்கள் அவ்வளவு பிரியமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். ஒருத்தி புதுக் காகிதத் துண்டு கொண்டுவந்து என் கழுத்தில் கட்டிவிட்டாள். மனசுக்கு இதமாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். நான் ஒரு வெங்காயத்தாளை உரித்துத் தோய்த்துச் சாப்பிட்டேன். பசித்தது, இன்னொன்றும் சாப்பிட்டேன்.

“எங்கண்ணன் எங்கே? கறி வெந்துடுச்சே” என்று தெக்லா கேட்டாள்.

“விறகு எடுத்துக்கிட்டு இருக்கான்” என்றேன்.

“விறகு வெட்டப் போனானா, நட்டு வளக்கப் போனானா” என்று முனகிக்கொண்டே அவளே போனாள். அவள் அலறியபோது என் வாயில் வெங்காயத்தாள் இருந்தது. அதை மென்று விழுங்கினேன். எல்லோரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை, நீங்கள் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வந்ததும் நான்தான் என்று சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? ஒதுங்க வேண்டியது ஒதுங்கவில்லை. விழுங்க வேண்டியது விழுங்கியது.

எங்கள் குழுவை மூடிவிட்டார்கள் என்கிறீர்கள். எலிகளை வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டார்களாம், பெயர்ப்பலகையையும் கழற்றிவிட்டார்களாம். தற்காலிகமாகத்தான் இருக்கும். கெரால்த் சொன்னதையே இயக்குநரும் சொல்கிறார், ஒலெகேர் என் வேலைக்காகத்தான் வந்து கெஞ்சினான் என்கிறார் என்று கொஞ்சம் முன்பு சொன்னீர்கள். மேல்மாடிக்காரர்கள் எதையாவது சொல்வார்கள். அந்தப் பார்வையை அவர்கள் பார்க்கவில்லை. கொட்டகையில் அவன் என்னைப் பார்த்த பார்வை.

கெரால்த் முந்தின நாள் சாயத்தில் போட்ட கருக்களைப் பற்றியும் சொன்னீர்கள். விருந்துக்குக் கிளம்பும் முன்பு காலையில் போய் எடுத்துக் கழுவி, ஒழுங்காக மூடி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். விளிம்பில் நல்ல நீலக்கோடு, ஒப்பீட்டுத் துண்டு சுத்தமான வெளுப்பு என்று பெர்னாத் உங்களிடம் சொல்லியிருக்கிறான். நல்லது. என் சாயத்தில் கொஞ்ச காலமாகவே ஒப்பீட்டுத் துண்டில் லேசாக நீலம் ஏறிக்கொண்டிருந்தது. நான் பெட்டியின் கோளாறு என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். ஒலெகேர் விஷயத்தில் நான் சொல்கிற காரணத்தை எழுதிக்கொள்கிறீர்கள், சரி. கெரால்த்தை ஏன் கொன்றேன்? பார்த்துவிட்டாள் என்பதற்காக என்று எழுதாதீர்கள். அது கொலைகாரர்கள் சொல்கிற காரணம். அவளும் நின்றுபோனவள்தான் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். முப்பத்தொரு வயசு. கையில் வேலை, பெட்டியில் கரு, ஊரில் அம்மா. அவள் எங்கேயும் நிற்கவில்லை. யோசித்துப் பார்க்கிறேன், அவளை எந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் நின்றவளாகத் தெரியவில்லை.

முதல் நாள் கேள்விக்கு அவள் ஒருத்திதான் வேறு மாதிரிப் பதில் சொன்னாள். அதை உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒப்பீட்டுத் துண்டும் நீலமாகிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு, சாயத்தக் கலந்தது யாருன்னு கேப்பேன்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒலெகேர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்தத் தண்ணீரைக் கொடுங்கள். எங்கள் குழுவில் சாயத்தை நான்தான் கலப்பேன், வேறு யார் கையிலும் விட்டதில்லை என்று சொன்னேன் இல்லையா? அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.